ஐந்தும் நாற்பதும்

ரோஸ்வித்தா டோன்சிங் யாரிடமும் "இது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டதே இல்லை. கேட்டால் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். காபி கொடுத்து, கேக் வெட்டி வைத்து, எதிரே உட்கார்ந்து ஒருத்தி கேட்கும்போது வேறென்ன சொல்வார்கள்? அவள் வாயைப் பார்ப்பதில்லை, கையைப் பார்ப்பாள். விரல் எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது, எந்த இடத்தில் மற்ற கை உதவிக்கு வருகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வாள். இருபத்தொன்பது வருடம் அவள் செய்த வேலை அதுதான். வாஷிங் மெஷின், ஓவன், பாத்திரம் கழுவும் இயந்திரம் இவற்றின் முகப்பை, அதாவது மனிதர் தொட்டுத் திருகி அழுத்துகிற அந்தக் கையகல இடத்தை, இருபத்தாறு நாட்டுக்காரர்களுக்கும் புரிகிற மாதிரி வரைவது.

லோனே ஊரில் இருக்கிற வால்ப்ரிங் தொழிற்சாலையில் அவளுக்கென்று ஒரு அறை. அதில் கணினி ஒரு மூலையில்தான் இருக்கும். நடுவில் ஒரு தொட்டி, குழாய், ஒரு டப்பா கோதுமை மாவு, ஒரு கிண்ணத்தில் எண்ணெய், அப்புறம் ஒன்பது கிலோ மணல் அடைத்த ஒரு துணிக் குழந்தை. குழந்தைக்குப் பெயர் ஹெல்முட். புதிதாகச் சேர்கிற இன்ஜினியர் யாரானாலும் முதல் நாள் ஹெல்முட்டை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கையை நனைத்து, மாவில் தோய்த்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வாஷிங் மெஷினை நாற்பது டிகிரிக்கு வைக்க வேண்டும்.

"முடியலைங்க" என்பார்கள்.

"நல்லது. அப்போ மெஷின்ல கோளாறு" என்பாள்.

முடிந்துவிட்டது என்று பெருமையாக நிற்பவரிடம், "இப்போ ஹெல்முட் அழறான். திரும்பவும் வை" என்பாள்.

இந்த வேலைக்கு அவள் படித்து வரவில்லை. பதினெட்டு வயதில் ஹெர்ஃபோர்ட் முதியோர் இல்லத்தில் பயிற்சிக்குச் சேர்ந்து, பதின்மூன்று வருடம் வயதானவர்களைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கை மாற்றிக்கொண்டிருந்தவள். முப்பத்தொன்றாவது வயதில் முதுகுத்தண்டில் ஒரு வட்டு நழுவியது. இனி ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மூன்று பயிற்சிகளைக் காட்டினார்கள். அதில் உட்கார்ந்து செய்கிற வேலை வரைபடம் போடுவது ஒன்றுதான். உட்கார்ந்தாள். அழுது புலம்பவில்லை, புலம்பினால் வட்டு திரும்ப உள்ளே போகாது என்று அவளுக்குத் தெரியும்.

வால்ப்ரிங்கில் சேர்ந்த முதல் வாரமே ஒன்றைக் கவனித்தாள். இங்கே வரைகிறவர்கள் யாருக்கும் கை ஈரமாக இல்லை. யாருக்கும் மூட்டு வீங்கவில்லை. யாரும் இரவெல்லாம் விழித்திருந்து காலையில் துணி துவைக்கிறவர்கள் இல்லை. இல்லத்தில் பதின்மூன்று வருடம் அவள் கற்றதெல்லாம் இங்கே எவருக்கும் தெரியவில்லை. அதைச் சொல்லிக்கொண்டு திரியாமல் மாவு டப்பா வாங்கி வைத்தாள்.

வெளியூருக்கு அனுப்பினால் ஓட்டலில் தங்கமாட்டாள். யார் வீட்டிலாவது தங்குவாள். லிஸ்பனில் லூர்தெஷ் என்ற பெண்ணின் வீட்டில் மூன்று நாள் இருந்தாள். லூர்தெஷ் ஆறு வருடமாகத் துணியைச் சுழற்றிப் பிழியாமலே சொட்டச் சொட்டக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். கீழே தெருவில் போகிறவர்கள் தினம் திட்டுவார்கள். ஏன் பிழிவதில்லை என்று கேட்காமல், ரோஸ்வித்தா அவள் விரலைப் பார்த்தாள். விரல் அந்தச் சுருள் படத்துக்குக் கிட்டே போய்த் திரும்பி வந்தது. "அது நத்தைதானே? மெதுவா துவைக்கிறது. எனக்கு எங்க அவ்வளவு நேரம் இருக்கு?" என்றாள் லூர்தெஷ். வால்ப்ரிங்கில் பதினொரு வருடமாக அந்தச் சுருளை வேகமாகச் சுற்றுவதற்கு அடையாளமாக அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். ரோஸ்வித்தா ஊர் திரும்பிய மறுநாள் நத்தையின் வாலை வெட்டினாள். தெஸ்ஸலோனிக்கியில் ஒரு குடும்பமே, குளிர்ந்த நீருக்கான பனித்துகள் படத்தைப் பார்த்துவிட்டு அது குளிர்காலத் துணிக்கு என்று நினைத்து, ஏப்ரல் மாதம் முதல் அந்தப் பக்கமே போகாமல் இருந்தது. அதையும் மாற்றினாள்.

லோனே பக்கத்தில் யாரையும் வாய்விட்டுப் பாராட்டுகிற வழக்கமில்லை. குறை சொல்லவில்லை என்றால் அதுவே பாராட்டு. அந்தக் கணக்கில் பார்த்தால் ரோஸ்வித்தாவை ஊரே புகழ்ந்துகொண்டிருந்தது.

அவள் ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது ஓவர்பெக் வந்தார். கார் கம்பெனியிலிருந்து வந்த டாக்டர் பட்டம் பெற்ற இன்ஜினியர். நாற்பத்திரண்டு வயது. கெட்டவர் அல்ல. மழையிலும் சைக்கிளில் வருவார், தன் காபிக் கோப்பையைத் தானே கழுவுவார். புதிய ஓவன் அவர் பொறுப்பு. இருபத்தாறு நாட்டுக்கும் ஒரே ஒரு கறுப்புக் கண்ணாடி. அதில் எழுத்து இல்லை, படம் இல்லை, திருகுகிற குமிழ் இல்லை. பத்து எண்கள் மட்டும் ஒளிரும். எத்தனை நிமிடம் வேக வேண்டுமோ அந்த எண்ணைத் தொட வேண்டும், அவ்வளவுதான்.

"எழுத்துக்கு மொழி உண்டு. படத்தைக்கூட ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி பாக்குறாங்க, உங்க நத்தை மாதிரி" என்றார் ஓவர்பெக். "ஆனா எண்ணுக்கு மொழி கிடையாது, ஃப்ராவ் டோன்சிங்."

"யார்கிட்ட சோதிச்சுப் பாத்தீங்க, ஹெர் டாக்டர்?"

"மிலான், லீட்ஸ், தம்பெரெ, வலென்சியா. சமையல் குறிப்பை வாசிச்சுக் காட்டி, வைக்கச் சொன்னோம். தப்பே இல்லைன்னு சொல்லலாம்."

"இங்க?"

"இங்க எதுக்கு? நம்ம சனத்தை நமக்குத் தெரியாதா? ஆபீஸ்ல பன்னிரண்டு பேர்கிட்ட அட்டையில அச்சடிச்சுக் கொடுத்துப் பாத்தாச்சு."

குமிழ் வேண்டும் என்றாள் ரோஸ்வித்தா. ஏன் என்றார் அவர். கண்ணாடியில் துளை போட்டால் விரிசல் விடும், இடுக்கில் எண்ணெய் சேரும், துடைக்கக் கஷ்டம் என்று வரிசையாகச் சொன்னார். எல்லாம் உண்மை. நோயாளிக்கு ஏதோ சரியில்லை என்பது பராமரிக்கிறவளுக்குக் கையை வைத்ததும் தெரிந்துவிடும். ஆனால் டாக்டருக்குத் தெர்மாமீட்டர் எண் வேண்டும். அதையும் குறை சொல்ல முடியாது.

"உணர்வு வேண்டாம், காரணம் கொண்டுவாங்க" என்றார் ஓவர்பெக். "நவம்பர் கடைசி வியாழக்கிழமை கண்ணாடிக்கு ஆர்டர் போகுது. அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கு அச்சை மாத்த முடியாது."

மாதிரி ஓவன்கள் ஒன்பது தயாராகி வந்தன: ஒன்று அவள் அறைக்கு, இரண்டு வெளிநாட்டு விற்பனைக்காரர்களின் வீட்டுக்கு. மீதி ஆறை ரோஸ்வித்தா ஆறு வீடுகளில் கொண்டுபோய் வைத்தாள். அதில் ஒன்று எவால்ட் ஷ்ட்ரூவேயின் வீடு.

எவால்டுக்கு எண்பத்து மூன்று வயது. நாற்பது வருடம் பஸ் ஓட்டியவர். மனைவி போன பிறகு சனிக்கிழமை தோறும் அவள் செய்கிற கேக்கைத் தானே செய்து, பந்துருட்டும் கழகத்துக்கு எடுத்துக்கொண்டு போவார். பொடி எழுத்து இப்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் மனைவியின் சமையல் குறிப்பு நோட்டு மகள் உல்ரிக்கே வீட்டில் இருந்தது. சனிக்கிழமை காலை அவள் போனில் வாசிப்பாள், இவர் கேட்டுக் கேட்டுச் செய்வார்.

புது ஓவன் வந்து முதல் சனிக்கிழமை ஆப்பிள் கேக் கருகியது. அடுத்த வாரம் உருளைக்கிழங்கும் சீஸும் வைத்துச் சுட்டது கருகியது. மூன்றாம் வாரம் செய்த பொடித்தூவல் கேக் கரியாகி, புகை மணி அலறி, பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் தட்டினார். அன்று சாயங்காலமே உல்ரிக்கே ரோஸ்வித்தாவுக்கு போன் செய்தாள்.

"உங்க ஓவனை எடுத்துட்டுப் போயிடுங்க, ஃப்ராவ் டோன்சிங். இல்ல, அதுவும் வேண்டாம். ஓவன் இருக்கட்டும், அப்பாவைத்தான் வேற இடத்துக்கு மாத்தணும்னு நினைக்கிறேன். ஞாபகமறதி டாக்டர்கிட்ட நாள் கேட்டிருக்கேன். ஹெர்ஃபோர்ட் இல்லத்துலயும் பேர் கொடுத்திருக்கேன்."

ரோஸ்வித்தா போனை வைத்தாள். அந்த இல்லத்தை அவளுக்குத் தெரியும். அங்கே வந்தவர்களில் பாதிப் பேர் வந்திருக்க வேண்டியவர்கள். மீதிப் பேரைக் கொண்டுவந்தது ஏதோ ஒரு படிக்கட்டு, வழுக்குகிற ஒரு குளியலறை, புரியாத ஒரு இயந்திரம். இந்த இயந்திரத்தை எவால்டின் சமையலறையில் கொண்டுபோய் வைத்தது அவள். அவருடைய வீடு இப்போது அவள் கையில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை போனாள். சமையலறையில் இன்னும் புகை நாற்றம். உல்ரிக்கேயும் வந்திருந்தாள், ஐம்பத்தைந்து வயது, பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை, கையில் எப்போதும் ஒரு துடைக்கும் துணி.

"வா பொண்ணே" என்றார் எவால்ட். அறுபத்திரண்டு வயதான ரோஸ்வித்தாவை இன்னும் பொண்ணே என்று கூப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான். "கேக் சாப்பிடறியா? கரிதான் இருக்கு. வயித்துக்கு நல்லதாம்."

"அப்பா, இது சிரிக்கிற விஷயமில்ல."

"அழுதா கேக் வெள்ளையாகுமா?"

மாதிரி ஓவனில், வைத்த நேரமெல்லாம் பதிவாகியிருக்கும். ரோஸ்வித்தா அதை எடுத்துப் பார்த்தாள். நாற்பத்தைந்து நிமிடம் வேக வேண்டிய கேக்குக்கு 54. முப்பத்தைந்து நிமிடத்துக்கு 53. இருபத்தெட்டு நிமிடத்துக்கு 82. கண்ணாடியில் நாலும் ஐந்தும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, விரல் தவறியிருக்கும் என்று முதலில் நினைத்தாள். ஆனால் இரண்டும் எட்டும் பக்கத்தில் இல்லையே.

"என்ன தோணுதோ அதை வைக்கிறார். அதான் விஷயம்" என்றாள் உல்ரிக்கே, குரலைத் தாழ்த்தி.

"காது மந்தம்தான். உன் குரல் மட்டும் நல்லா கேக்குது" என்றார் எவால்ட்.

அப்போது உல்ரிக்கேயின் போன் மணியடித்தது. ஞாபகமறதி மருத்துவமனையிலிருந்து. அவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, சுவர்க் காலண்டரின் ஓரத்தில் பேனாவை வைத்தாள். "சொல்லுங்க... டிசம்பர் முதல் புதன்... சரி. திரும்பக் கூப்பிட எந்த நம்பர்? ஏழும் முப்பதும், ரெண்டும் அறுபதும். சரி."

ரோஸ்வித்தா வழக்கம்போல் கையைப் பார்த்தாள்.

இந்த ஊர் மொழியில் யாரும் நாற்பத்தைந்து என்று சொல்வதில்லை. ஐந்தும் நாற்பதும் என்பார்கள். முப்பத்தேழு என்றால் ஏழும் முப்பதும். கடைசி எண் முதலில் வாயில் வரும், முதல் எண் பின்னால் வரும். பிறந்ததிலிருந்து அப்படியே பேசி, அப்படியே கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதில் விநோதம் எதுவும் தெரியாது. உல்ரிக்கேயின் பேனா ஏழை எழுதியது. எழுதும்போது இடப்பக்கம் ஒரு எழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அப்புறம் பின்னால் வந்து அந்த இடத்தில் மூன்றைப் போட்டது. அடுத்து இரண்டு, இடம் விட்டு. பின்னால் வந்து ஆறு. காலண்டரில் 37 62 என்று அழகாக இருந்தது. எழுதியவளுக்குத் தான் எப்படி எழுதினோம் என்று தெரியவே தெரியாது. ரோஸ்வித்தாவும் பள்ளிக்கூட நாளிலிருந்து அப்படித்தான் எழுதியிருந்தாள்.

காகிதத்தில் இடம் விடலாம். கண்ணாடியில் விட முடியாது.

உல்ரிக்கே போனை வைக்கும்வரை ரோஸ்வித்தா காத்திருந்தாள். பிறகு எவால்டிடம் திரும்பி, "ஓவனை அஞ்சும் நாப்பதும் நிமிஷம் வைங்க" என்றாள்.

எவால்ட் எழுந்துபோய்க் குனிந்தார். உதடு அசைந்தது. "அஞ்சும்..." விரல் ஐந்தில். "...நாப்பதும்." விரல் நாலில். நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "வச்சாச்சு, பொண்ணே."

கண்ணாடியில் 54 ஒளிர்ந்தது.

"என்ன வச்சீங்க?"

"நீ சொன்னதுதான். அஞ்சும் நாப்பதும்."

"பாத்தீங்களா?" என்றாள் உல்ரிக்கே.

"பாத்தேன். உங்க அப்பா நீங்க வாசிக்கிற வரிசையிலேயே அப்படியே வைக்கிறார். நீங்க சொல்றதை அவ்வளவு ஒழுங்கா கேக்கிற ஆளை நான் பாத்ததில்ல."

"நான் வச்சா சரியாத்தான் வைப்பேன்" என்று சொல்லிவிட்டு, உல்ரிக்கே போய் 45 என்று சரியாகவே வைத்துக் காட்டினாள். பார்த்துக்கொண்டு, யோசித்துக்கொண்டு, ஒரு வேலையும் இல்லாமல் நின்று வைத்தால் யாரும் சரியாக வைப்பார்கள். அதை ரோஸ்வித்தா சொல்லவில்லை. பயந்துபோயிருக்கிற மகளிடம் வாதம் செய்து ஜெயித்தவர் கிடையாது.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, தப்பில்ல" என்றாள். "கூடவே காதையும் பாக்கச் சொல்லுங்க. ஆனா இல்லத்துக்குக் கொடுத்த பேரைப் பத்தி வியாழக்கிழமை கழிச்சுப் பேசிக்கலாம்."

"எந்த வியாழக்கிழமை?"

"இந்த மாசக் கடைசி."

இரண்டு வாரம் இருந்தது. மறுநாள் காலை தன் அறைக்கு செவின்ச்சைக் கூப்பிட்டாள். செவின்ச் மின்பலகைப் பிரிவில் வேலை செய்கிறவள், முப்பத்தாறு வயது. இதே ஊரில் பிறந்தவள், தாய்தகப்பன் துருக்கியிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வழக்கப்படி ரோஸ்வித்தாவை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

விஷயத்தைக் கேட்டதும் செவின்ச் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்க அம்மா மொழியில நாப்பது முதல்ல, அஞ்சு அப்புறம், அக்கா. நீங்கதான் வண்டியில பின்வழியா ஏறுற சனம். முதல் வகுப்புல டீச்சர் சொல்லச் சொல்ல நான் தலைகீழா எழுதி அடி வாங்காத குறை. எங்க அப்பா இன்னும் பஸ் நம்பரைத் துருக்கி மொழியிலதான் சொல்லுவார்."

"சரி, சிரிச்சாச்சுல்ல? ஹெல்முட்டைத் தூக்கு."

தொழிற்சாலையிலேயே பன்னிரண்டு பேரைப் பிடித்தார்கள். காவலாளி, கேன்டீன் சமையல்காரி, கணக்குப் பிரிவுப் பையன்கள் இருவர், பெட்டி கட்டுகிறவர்கள். இருபத்துநாலு வயதிலிருந்து அறுபது வரை. இடுப்பில் ஹெல்முட், கையில் ஈரம். செவின்ச் சமையல் குறிப்பை உரக்க வாசிக்க, அவர்கள் நேரத்தை வைக்க வேண்டும். ஆளுக்கு நாலு முறை. அப்புறம் அதே ஆட்களுக்கு அதே நேரத்தை அட்டையில் அச்சடித்துக் கொடுத்து நாலு முறை. அட்டையைக் கண்ணால் பார்த்து வைத்த நாற்பத்தெட்டு முறையில் ஒரே ஒரு தவறு. காதால் கேட்டு வைத்த நாற்பத்தெட்டு முறையில் பதின்மூன்று தவறு. கேன்டீன் சமையல்காரி ஹெல்காவே, ஒரு நாளைக்கு முந்நூறு பேருக்குச் சமைக்கிறவளே, நாலில் இரண்டைத் தலைகீழாக வைத்தாள்.

"இந்தப் பொட்டியை என் அடுப்படியில வச்சா நான் ராஜினாமா" என்றாள் அவள். "என் கையில குத்தம்னு மட்டும் எழுதிடாத."

"பொட்டி குத்தம்னுதான் எழுதுறேன்."

கடைசியில் செவின்ச்சையும் வைக்கச் சொன்னாள் ரோஸ்வித்தா. கணக்கில் சேர்க்க அல்ல, சும்மா. செவின்ச் மிதப்பாக ஹெல்முட்டைத் தூக்கிக்கொண்டு நின்று, மூன்று முறை சரியாக வைத்து, நாலாவதில் 62-க்கு 26 வைத்தாள். "எங்க அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, அக்கா" என்றாள்.

பிறகு ரோஸ்வித்தா உட்ரெக்டுக்கும் லுப்லியானாவுக்கும் போன் போட்டு, அங்கே இருக்கிற விற்பனைக்காரர்களைக் கேட்டாள். அவர்களும் ஐந்தும் நாற்பதும் என்று சொல்கிற சனம்தான். இரண்டு பேரும் தங்கள் வீட்டிலேயே சோதித்துவிட்டு அன்றைக்கே திரும்பக் கூப்பிட்டார்கள். உட்ரெக்ட்காரரின் மனைவி ஒரு மீனைக் கருக்கியிருந்தாள். ஓவர்பெக் சோதித்த நான்கு ஊரும் நாற்பதை முதலில் சொல்கிற ஊர்கள். உலகமெல்லாம் சுற்றிச் சோதித்தவர் தன் வீட்டு வாசலைத் தாண்டிப் போயிருந்தார்.

கடைசி வியாழக்கிழமை. கூட்ட அறையில் ஏழு பேர். கண்ணாடிக்காரர்களுக்குப் போக வேண்டிய ஆர்டர் கையெழுத்துக்குத் தயாராக மேஜைமேல் இருந்தது. ஓவர்பெக் கூட்டக் குறிப்பைத் தானேதான் எழுதுவார். வேறு யார் எழுதினாலும் திருத்த வேண்டியிருக்கும் என்பார். அவர் தட்டத் தட்ட எழுத்துகள் பின்னாலிருந்த பெரிய திரையில் விழும். அவர் முதுகு திரைக்கு, முகம் மேஜைக்கு.

ரோஸ்வித்தா எவால்டைப் பற்றிச் சொன்னாள். ஓவர்பெக் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு வருத்தம்தான். ஆனா மூணும் எண்பதும் வயசுக்காரருக்காக ஆறும் இருபதும் நாட்டுக் கண்ணாடியில ஓட்டை போட முடியாது, ஃப்ராவ் டோன்சிங். வயசானா தப்பு வரும்."

"இங்க வேலை செய்யற பன்னிரண்டு பேரைச் சோதிச்சேன். எவால்ட் கணக்குல இல்ல."

"எண்ணிக்கை சொல்லுங்க. பதிவு பண்ணிக்கிறேன்."

"அட்டையைப் பாத்து வச்சது, எட்டும் நாப்பதும் முறை. தப்பு ஒண்ணு."

விசைகள் தட்டுகிற சத்தம்.

"காதால கேட்டு வச்சது, எட்டும் நாப்பதும் முறை. தப்பு பதிமூணு."

மறுபடி தட்டினார். விற்பனைப் பிரிவுத் தலைவர் திரையைப் பார்த்துவிட்டுத் தன் நகத்தைப் பார்த்தார். செவின்ச் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"என்ன?" என்றார் ஓவர்பெக்.

ரோஸ்வித்தா முகத்தில் எதுவும் காட்டவில்லை. படுக்கையை நனைத்துவிட்ட பெரிய மனிதர்களின் முன்னால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவள் பத்தொன்பது வயதிலேயே பழகியவள். "மொத்தம் எத்தனை முறைன்னு பதிவாகியிருக்கு, ஹெர் டாக்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

திரையில் முதல் வரியில் 48 இருந்தது. இரண்டாவது வரியில் 84.

ஓவர்பெக்குக்குக் கழுத்திலிருந்து காது வரை மெல்லச் சிவந்தது. பிறகு விசைப்பலகைப் பக்கம் திரும்பி, அழிக்கப் போனார்.

"அழிக்க வேண்டாம்" என்றாள் ரோஸ்வித்தா. "அதையும் சேத்துக்குங்க. ஒம்பதும் நாப்பதும்-ஆவது முறைன்னு."

அவர் குனிந்து, தன் விரலைத் தானே பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முதலில் நாலைத் தட்டினார். அப்புறம் ஒன்பதைத் தட்டினார். அந்த இடத்தில் செவின்ச்சால் அடக்க முடியவில்லை. அவள் சிரித்ததும் விற்பனைத் தலைவர் சிரித்தார், கடைசியில் ஓவர்பெக்கும் சிரித்தார். மேஜைமேல் இருந்த ஆர்டரை எடுத்து இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஓட்டை எவ்வளவு பெரிசு வேணும்?"

"எழுதித் தர்றேன்" என்றாள் ரோஸ்வித்தா. "வாயால சொல்லமாட்டேன்."

வரைபடம் ஏற்கெனவே அவள் பையில் இருந்தது. கண்ணாடியின் நடுவில் ஒரே ஒரு குமிழ். ஈரக் கை வழுக்காமலிருக்க ஓரத்தில் பள்ளம். ஒரு நிமிடத்துக்கு ஒரு சொடுக்கு. ஒவ்வொரு ஐந்துக்கும் ஒரு கனத்த சொடுக்கு. கண் தெரியாதவரும் விரலால் எண்ணிக்கொள்ளலாம். எந்த மொழியில் எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும், திருகிக்கொண்டே போனால் நாற்பத்தைந்து வருகிற இடத்தில்தான் நாற்பத்தைந்து வரும்.

அன்று சாயங்காலமே ரோஸ்வித்தா உல்ரிக்கேயின் வீட்டுக்குப் போய், கூட்டத்தில் நடந்ததைப் பெயர் சொல்லாமல் சொன்னாள். "டாக்டர் பட்டம் வாங்கினவரா?" என்று இரண்டு முறை கேட்டாள் உல்ரிக்கே. இல்லத்துக்குக் கொடுத்த பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று அப்போது சொல்லவில்லை. டிசம்பர் முதல் புதன்கிழமை டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தபிறகு வாங்கிக்கொண்டாள். ஞாபகம் வயதுக்குத் தக்கபடி இருக்கிறது, காதுதான் இரண்டுமே மோசம் என்றார் டாக்டர். கருவி மாட்டிவிட்டார்கள். முதல் நாளே எவால்ட் அதைக் கழற்றி மேஜைமேல் வைத்து, "இத்தனை நாள் ஊர்ல இவ்வளவு பேர் இவ்வளவு பேசுறாங்கன்னு தெரியாம நிம்மதியா இருந்தேன்" என்றார்.

பிப்ரவரியில் குமிழ் வைத்த முதல் ஓவன் அவர் வீட்டுக்குப் போனது. ரோஸ்வித்தா அடுப்புப் பக்கம் நிற்காமல் ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அவர் கையைப் பார்த்தாள். சனிக்கிழமை. போன் மேஜைமேல் உரக்கப் பேசிக்கொண்டிருந்தது.

"எட்டும் இருபதும் நிமிஷம், அப்பா!"

எவால்ட் குமிழைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார், வேண்டுமென்றே, காட்டுவதற்காக. கனத்த சொடுக்கு ஐந்து, லேசான சொடுக்கு மூன்று. கையை எடுத்தார். 28.

ரோஸ்வித்தா நோட்டில் ஒரு கோடு போட்டாள்.

இருபத்தெட்டு நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தார். கேக் கருகவில்லை, புகையவில்லை, பொன்னிறமாக இருந்தது. ஆனால் எழும்பவில்லை. காலண்டர் அட்டை மாதிரித் தட்டையாகத் தட்டில் கிடந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"பேக்கிங் பவுடர் போட்டீங்களா, அப்பா?" என்றது போன்.

"நீ அந்த வரியை வாசிக்கவே இல்லையே."

அங்கே நோட்டுப் பக்கம் புரளும் சத்தம். பிறகு ஒரு பெருமூச்சு.

"அட, ஆமா."

எவால்ட் ரோஸ்வித்தாவின் பக்கம் திரும்பினார். "பொண்ணே, ஓவன்ல குறை சொல்ல ஒண்ணுமில்ல" என்றார். "என் மகளுக்கு ஒரு குமிழ் வச்சுக் கொடு."

"அடுத்த மாசம் எனக்கு ஓய்வு. செவின்ச்கிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு, ரோஸ்வித்தா கத்தியை எடுத்துத் தட்டைக் கேக்கைச் சதுரமாக வெட்டினாள். ருசி நன்றாகத்தான் இருந்தது. இரண்டு துண்டு சாப்பிட்டாள்.